திட்டு அறையிலிருந்து அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் என் தொண்டையும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலம்தானே?

"திட்டுறதுக்கு எங்க அக்காவை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்று சிபாரிசு பண்ணி நீ வாங்கிக் கொடுத்த வேலை இப்போது ஊசலாடுகிறது. இந்தக் கல்லூரிக்காரர்கள் எதைத்தான் ஆராய்ச்சி செய்யாமல் விட்டார்கள்! பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஓர் அறையில் அவரைக்காய்ச் செடிகளைப் புகழ வேண்டும், மறு அறையில் திட்ட வேண்டும். புகழ்ந்தது வளரும், திட்டியது வாடும் என்று எங்கள் பேராசிரியர் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார். புகழ்வதற்கு ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். "நீ அழகு, நீ அறிவு" என்று தாளைப் பார்த்து ஒப்பிக்கிறார். அவர் செடிகள் அத்தனையும் நோஞ்சான். என்னுடையவையோ ஜன்னலைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கின்றன.

பேராசிரியர் என் திட்டைப் பதிவுசெய்து எனக்கே போட்டுக் காட்டினார். "சனியனே, கழுத்தை ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்கிறே? நேரா நில்லு, சுளுக்கிக்கப் போகுது!"

"இதுவாம்மா திட்டு?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பின்னே எப்படி சார் திட்டுவாங்க? எங்க வீட்டுல எல்லாரையும் இப்படித்தான் திட்டி வளர்த்தேன்" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு செடியாவது வாடாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். என்கிட்டயா! என் சம்பாத்தியத்தில் நான் இருந்துகொள்வேன் என்று மருமகளிடம் மார்தட்டிவிட்டு வந்திருக்கிறேன், திரும்பிப்போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அதனால் இன்று காலை மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். மூன்றாம் தொட்டி முன்னால் போய் நின்று, சத்தம்கூடப் போடாமல், "நீ யாரோ, நான் யாரோ. நீ இருந்தா என்ன, போனா என்ன?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி தினமும் இதேதான். வாடினால் வாடட்டும், எனக்கென்ன வந்தது? உன் அக்கா ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

உன் மனைவிக்கு என் ஆசி, குழந்தைகளுக்கு முத்தம். வேளாவேளைக்குச் சாப்பிடுடா, எருமை.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பேராசிரியர் ஃபோன் பண்ணினார். மூன்றாம் தொட்டி தலையைத் தொங்கப் போட்டுவிட்டதாம். "சாதிச்சிட்டீங்கம்மா, வேலை உங்களுக்குத்தான்!" என்று குதிக்கிறார். இதோ கிளம்பிட்டேன். அதை ஆசையா நாலு திட்டு திட்டினாத்தான் எனக்குச் சோறு இறங்கும். வேற எங்கேயாவது வேலை இருந்தா பாரு.