நிதானம் தவறியவர்

“கதவைச் சாத்துங்க. எதிர்வீட்டுக்காரர் காதுல விழுந்துடப் போகுது” என்றாள் மனைவி.

“விழட்டும்! ஊருக்கே விழட்டும்!” என்று கத்திவிட்டு, தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழும் போட்டார் தராசு.

நாற்பது வருடம் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்தவர். கால் கிராம் குறைந்தாலும் கடைக்காரனை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். தராசு என்பது கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை.

அவர் கையில் ஒரு காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. துவைக்கப் போட்ட மகனின் சட்டைப்பையில் கிடைத்தது. ‘மட்டுமீறிக் குடிக்கும் இளைஞர்களுக்கு நிதானப் பயிற்சி. எட்டு சனிக்கிழமைகள். காலை பத்து மணி.’

“என்னடா இது?”

“ஆபீஸ்ல போகச் சொன்னாங்கப்பா. மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் குடுப்பாங்களாம். குடிக்கணும்னு தோணும்போது அதுக்குப் பின்னாடி ஓடாம, அதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கணுமாம்.”

“பார்க்கணுமா? நான் பார்த்தேனே, போன வெள்ளிக்கிழமை! மாடிப்படியில செருப்பைத் தலைக்கு வச்சுப் படுத்திருந்தியே, அதைவிடவா பார்க்கணும்?”

“வெள்ளிக்கிழமை மட்டும்தான்பா…”

“ஆறு நாள் விரதம் இருந்து ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே நாள்ல ஊத்திக்கறதுக்குப் பேரு மட்டுமா? இந்தக் குடும்பத்துல எவனும் அந்த மாதிரி வாசல்ல நின்னதில்ல. நீ அந்தப் படியை மிதிச்சே, நான் உனக்கு அப்பன் இல்ல!”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி மட்டும் விடவில்லை. “அப்ப அவன் எப்படித்தான் திருந்தறது?”

அதற்கும் தராசு வழி வைத்திருந்தார். “நான் போறேன். கத்துக்கிட்டு வந்து வீட்டுக்குள்ளயே சொல்லிக் குடுக்கறேன். அறுபத்தாறு வயசுல என்னை எவன் குடிகாரன்னு சொல்லுவான்?”

பயிற்சி நிலையத்து வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள்.

“எந்த வகுப்பு சார்?”

குடி என்ற சொல் அவர் வாயில் வர மறுத்தது. “அதான்மா… நிதானம் தவறுறவங்களுக்கு.”

“உங்களுக்கா சார்?”

“ஆமா, எனக்குத்தான்! எழுதிக்கோயேன்!” மேசையில் விழுந்த அடியில் பேனாக்கள் நாலாபக்கமும் உருண்டன.

“புரியுது சார்” என்றாள் அவள் மெதுவாக. “வலது பக்கம், முதல் ரூம்.”

உள்ளே பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. கையில் கட்டுப் போட்ட ஒரு பஸ் கண்டக்டர், கண் சிவந்த ஒரு பள்ளி ஆசிரியை, உடைந்த போனைத் தடவிக்கொண்டிருந்த ஒரு வாலிபன். ஆசிரியையைப் பார்த்ததும் தராசுக்கு ரத்தம் கொதித்தது. பாடம் சொல்லிக் கொடுக்கிறவளே இப்படியென்றால் நாடு எங்கே உருப்படும்?

“ஐயா, உங்களுக்கு எப்ப தலைக்கேறும்?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

மகனை மனதில் வைத்துப் பதில் சொன்னார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

“எப்படி ஆரம்பிக்கும்?”

“கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணு மண்ணு தெரியாது. வீட்டுல இருக்கறவங்க பாடு திண்டாட்டம்.”

வட்டம் முழுவதும் கை தட்டியது. “இவ்வளவு நேர்மையா யாரும் சொன்னதில்ல” என்று கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்து, ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக மெல்லச் சொன்னார்கள்.

“ஒரு கிராம்கூட இல்லாத பண்டத்துல அஞ்சு நிமிஷம் என்னய்யா பார்க்கறது!” என்று சீறினார் தராசு.

“அருமை. இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு கவனிங்க” என்றார் பயிற்சியாளர்.

அன்று மாலையே வீட்டில் பாடம் தொடங்கியது.

“மெதுவா மெல்லுடா! மெதுவான்னு சொன்னேன்ல! மூச்சைக் கவனி! எங்கேடா உன் மூச்சு?”

“நீங்க கத்தற கத்துல நின்னுடுச்சுப்பா.”

எதிர்வீட்டு மருந்துக் கடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “என்ன சார், ஒரு திராட்சைக்கா இவ்வளவு ரகளை?”

ஜன்னலையும் சாத்தினார்.

ஆனாலும் பலன் இருந்தது. நான்காவது வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மகன் நேராக வீட்டுக்கு வந்தான். முதல் வாரத்திலிருந்தே சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கே நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “யாரு பாடம்?” என்று மனைவியிடம் கேட்டு மீசையைத் தடவினார் தராசு.

ஆறாவது வாரம் நிலையத்து வாசலில் மருந்துக் கடைக்காரர் எதிரே வந்து நின்றார்.

“நீங்களா சார்? இங்கேயா?”

குடும்ப மானம் ஊசலாடியது. “பாடம் எடுக்க வந்தேன்.”

“யாருக்கு?”

“குடிக்கிற பசங்களுக்கு. வேற யாருக்கு?”

மருந்துக் கடைக்காரர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். “வெளியில சொன்னா வெட்கக்கேடு சார். என் பையனும் வாராவாரம்… அவனைச் சேர்த்துக்கோங்க.”

“இப்ப இடமில்ல.”

“அடுத்த வாரம்?”

“இல்லவே இல்லய்யா!”

எட்டாவது சனிக்கிழமை மருந்துக் கடைக்காரர் கேட்கவே இல்லை. தன் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு தராசுக்கு முன்பே போய் மேசை அருகே நின்றார்.

“அம்மா, ஐயாவோட வகுப்புல என் பையனைச் சேர்க்கணும்.”

“யாரைக் கேட்டு வந்தே? வெளியே போய்யா!” தராசு அடித்த அடியில் பேனாக்கள் மறுபடி உருண்டன. “பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியல, வந்துட்டான்! என் பிள்ளை இந்தப் படியை மிதிச்சிருப்பானா?”

அந்தப் பெண் குனிந்து பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள். பதிவேட்டைப் புரட்டி விலாசங்களைப் பார்த்தாள். பிறகு மருந்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்:

“குடி வகுப்பு மாடியில சார், இவரோட பையன் எட்டு வாரமா ஒரு நாள்கூடத் தவறாம வந்து இன்னிக்கு முடிக்கறார், இவர் இருக்கறது கோபக்காரங்க வகுப்பு, இன்னும் எட்டு வாரம் வரணும்னு மாஸ்டர் எழுதியிருக்கார்.”