டார்ச்காரரின் மதியக் காட்சி

“என்னங்க, பழையபடி ஊர் வம்பை விலைக்கு வாங்காம, இன்னிக்கு ஒரு நாளாவது என் பக்கத்துல உக்காந்து படம் பாருங்க,” என்றாள் மனைவி.

டார்ச்காரர் “உம்” என்றார். முப்பது வருஷம் இருட்டில் டார்ச் அடித்து ஆட்களுக்கு இடம் காட்டிய தியேட்டரை இடித்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து சாப்பாடும் பாதி, பேச்சு அதிலும் பாதி. கலகலவென்றிருந்த மனுஷன் இப்படிச் சுருண்டுவிட்டாரே என்று அவள் அழாத நாளில்லை. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான் இந்தப் புதுத் தியேட்டருக்கு இழுத்து வந்திருந்தாள். ஜோடியாக உட்கார்ந்து பார்க்கும் முதல் படம் வேறு.

படம் தொடங்கியது. முன்வரிசையில் ஒருவன் போனில் உரக்கப் பேச ஆரம்பித்தான்.

டார்ச்காரர் இருமினார். அவன் குரலை இன்னும் உயர்த்தினான்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா...”

“நீங்க யாரு சார், தியேட்டர் ஓனரா?”

அந்தக் காலத்தில் டார்ச் வெளிச்சம் மேலே பட்டாலே எப்பேர்ப்பட்ட ஆளும் பெட்டிப்பாம்பாய் அடங்குவான். அடடா, அது ஒரு காலம்! கை தானாகப் பைக்குள் போனது. பழைய டார்ச் பளீரென்று எரிந்தது. அவன் குனிந்துகொள்ள, வெளிச்சம் அடுத்த இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்த குழந்தையின் முகத்தில் விழுந்தது. குழந்தை வீறிட்டது.

“எவன்யா அது?” என்று நாலு பக்கமும் குரல் எழும்பியது.

தப்பித்து நடைபாதைக்கு வந்தார். தாமதமாக வந்தவர்கள் டார்ச்சைப் பார்த்ததும் டிக்கெட்டை நீட்டினார்கள். நீட்டினால் கை சும்மா இருக்குமா? ஏழெட்டுப் பேரை மளமளவென்று உட்கார வைத்தார். பழைய தியேட்டரில் வரிசையைத் திரையிலிருந்து எண்ணுவார்கள், இங்கே பின்னாலிருந்து. அத்தனை பேரும் அடுத்தவர் இடத்தில்! இடத்துக்கு உரியவர்கள் வந்து சண்டை மூண்டது. விளக்குகள் எரிந்தன. மேனேஜர் ஓடி வந்தார்.

“யாரு சார் நீங்க?”

“நானா? வரிசையை எந்தப் பக்கமிருந்து எண்ணணும்னு தெரியாதவங்கள்லாம் தியேட்டர் நடத்த வந்துட்டீங்க! எங்க தியேட்டர்ல ஒரு நாள்...”

எட்டு மாதப் பேச்சும் மொத்தமாகக் கொட்டியது. அவரையும் மனைவியையும் வெளியே அனுப்பினார்கள். வராந்தாவிலும் அவர் வாய் ஓயவில்லை.

“தொண்டை தண்ணி வத்திப்போச்சு. பசி வேற உயிர் போகுது,” என்று திரும்பியவர், மனைவியின் கண்ணீரைப் பார்த்து நொறுங்கிப்போனார்.

“நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுத்துட்டேனே!”

கதவு திறந்தது. போன்காரன் மெதுவாகத் தலையை நீட்டினான்.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். இது போதுமா, இல்ல, நாளைக்கு வேற தியேட்டர்ல வச்சுக்கலாமா?”