நேராக வீட்டுக்குப் போகக் கூடாது

"செத்துப்போன எந்த உயிரும் வண்டி ஏறி வீடு திரும்பியதாக உலக வரலாற்றில் ஒரு சான்றும் கிடையாது," என்று ருஃபினோ அறிவித்தார்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். கையில் மண்வெட்டி. எதிரே மச்சானின் தோட்டத்துச் சந்தோல் மரம். அதனடியில், சற்றுமுன் மூடிய குழிக்குள், அவருடைய நாய் போச்சோ.

மனைவி லுஸ்விமிண்டா மூக்கைச் சிந்தினாள். "வரலாறு கெடக்கட்டும். வண்டில ஏறு. வழியில எங்கயாவது எறங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்."

எங்கள் லகூனா மாகாணத்துப் பக்கம் இது சட்டம். புதைத்த கையோடு நேரே வீட்டுக்கு வந்தால் செத்தவரும் பின்னாலேயே வந்துவிடுவார். நடுவில் ஒரு கடைக்குள்ளோ அடுத்தவர் வீட்டுக்குள்ளோ நுழைந்து வந்தால் அவருக்கு வழி தப்பிவிடும்.

"அதெல்லாம் மனுசங்களுக்கு," என்றார் ருஃபினோ. "நாய்க்கு மோப்பம் இருக்கு. நீ பத்துக் கடை ஏறினாலும் கண்டுபிடிச்சிரும்."

"இத்தன வருசம் கேட்டுக்குப் பின்னால உக்காந்து உனக்காகவே காத்துக் கெடந்துச்சு, ருஃபி. செத்தும் காத்துக் கெடக்கணுமா? நிம்மதியாப் போகட்டும்."

அவர் மண்வெட்டியும் கையுமாக, வாடகைக்கு ஓட்டும் ஒபெட்டின் டிரைசைக்கிளில், அதாவது பக்கவாட்டில் இருக்கை பூட்டிய மோட்டார் சைக்கிளில், ஏறினார். போச்சோவை வைத்தியரிடம் கூட்டிப்போனதும் இதே வண்டிதான். ஒவ்வொரு வளைவிலும் அது வாந்தி எடுத்ததற்கு இருக்கை இன்றைக்கும் சாட்சி.

முதலில் ரொட்டிக் கடை. லுஸ்விமிண்டா இறங்கிப் பன் வாங்கினாள். ருஃபினோ அசையவில்லை.

"நீ எறங்கலைன்னா செல்லாது. இப்ப அது உன் மடியிலதான் உக்காந்திருக்கும்."

ருஃபினோ மடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே," என்றார்.

அடுத்தது கஞ்சிக் கடை. இந்த முறை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கோழி போட்ட கஞ்சி வந்தது. "படிச்சவங்க செய்யற வேலையா இது?" என்று பேசிக்கொண்டே ருஃபினோ எலும்பை மேசைக்கு அடியில் நீட்டினார். பழக்கதோஷம். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கை அங்கேயே நின்றது.

"கெட்டுது போ," என்றாள் அவள். "தொலைச்சுட்டுப் போலாம்னு வந்தா, நீ விருந்து வெச்சுக் கூப்பிடறே."

கஞ்சிக் கடையும் செல்லாததாகிவிட்டதால் மூன்றாவதாக ருஃபினோவின் சக ஆசிரியை பெலனின் வீடு. கதவைத் திறந்த பெலன் லுஸ்விமிண்டாவின் சிவந்த கண்ணையும் ருஃபினோவின் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"போச்சோவப் பொதைச்சுட்டு..."

"அத உதறிவிட என் வீடுதான் கெடைச்சுதா?"

கதவு சாத்திக்கொண்டது. "மனசத் தேத்திக்கங்க," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கடைசியில் சந்தைக்குள் நுழைந்து, மீன் வரிசையைச் சுற்றி, காய்கறி வரிசையைச் சுற்றி, பின்வாசல் வழியாக வெளியேறிய பிறகே லுஸ்விமிண்டாவுக்குத் திருப்தி. "இனிமே வராது," என்றாள். சொல்லிவிட்டு வீடு வரும்வரை அழுதாள்.

"மூடநம்பிக்கைக்கு ஒரு மத்தியானம் தண்டம்," என்று ருஃபினோ மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பியவர், போன தலையோடே திரும்பி வந்தார். கடை சாத்தியிருந்ததாம்.

மறுநாள் காலையில் கேட் திறந்து கிடந்தது. காற்றாக இருக்கும் என்று லுஸ்விமிண்டா அதைச் சாத்தப் போனபோது ஒபெட் வண்டியோடு அந்தப் பக்கம் வந்தான். அவள் மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இத என் தம்பிகிட்ட குடுத்துரு. மறந்து தூக்கிட்டு வந்துட்டோம்."

"நேத்து சாயங்காலம் சார் அந்த மரத்தடிக்குப் போனப்பவே குடுத்து விட்டிருக்கலாமே, அக்கா," என்றான் ஒபெட். "திரும்பறப்ப எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு விடுன்னாரு. பக்கத்து சீட்ல யாரையும் ஏத்த விடல. வளைவுல மட்டும் மெதுவாப் போன்னாரு."