மூன்று சக்கர வண்டியை விற்பது தொடர்பாக மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே தங்கள் தங்கை, நான், வண்டி மூவரும் இருக்கிறோம். மூவரில் அழுத்தம் சரியாக இருப்பது வண்டியின் டயருக்கு மட்டும்தான்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கை நடுத்தெருவில் ஒரு வாகனத்தின் அடியில் மல்லாந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், இதற்கு என்ன பதில், அந்த வண்டியை முதலில் விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து அடுத்தவர்களின் வாக்குமூலங்களையே எழுதியவன் நான். சொந்தமாக ஒன்று எழுத நேரும் என்று நினைக்கவில்லை. முதலில் ஒரு திருத்தம். அது நடுத்தெரு அல்ல, எங்கள் வீட்டு முன்பக்கக் கொட்டகை. பாதங்கள் மட்டுமே தெருவில் இருந்தன. மேலும், அவள் தனியாகக் கிடக்கவில்லை. நானும் கூடக் கிடந்தேன்.

தாங்கள் அறிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய மோட்டார் சைக்கிளில் நான் முன்னாலும் அவள் பின்னாலுமாக முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்வந்தோம். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு வந்த பக்கவாதம், பேச்சையும் கையையும் விட்டுவிட்டு இடது காலில் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அந்தக் கால் நான் எது சொன்னாலும் யோசித்துவிட்டுத்தான் செய்கிறது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றப் போனேன். கால் யோசித்து முடிப்பதற்குள் மூவரும் தரையில் படுத்துவிட்டோம். வண்டியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. லேத் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அகலமான அச்சுப் போட்டு, காருக்கு இருப்பதுபோல் இரண்டு சக்கரம் பொருத்தினார். மிதிக்கும் கியரைக் கையால் தள்ளும் கம்பியாக மாற்றினார். பின்னோக்கிப் போக ஒரு மோட்டாரும் வைத்தார். எட்டு மாத வேலை. மூன்று சக்கரம் என்று கேட்டதும் தாங்கள் ஆட்டோ என்று நினைத்துக்கொண்டு, "இந்த வயசுல சவாரி ஏத்தணுமா மாப்பிள்ளை?" என்று தொலைபேசியில் கண்கலங்கினீர்கள். அப்போதே விளக்கியிருக்க வேண்டும். தங்கள் குரல் தழுதழுத்ததால் நானும் அழுதுவிட்டேன்.

இனி படுத்துக்கிடந்த விவகாரம். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லேத் பட்டறையில் கூடுவோம். எங்களில் மூத்தவர் ஒரு பல் டாக்டர். அவர் வண்டியில் நாற்பத்தாறு விளக்குகள் இருக்கின்றன. "இதுல ஒண்ணுகூட அலங்காரம் கிடையாது, எல்லாம் பாதுகாப்பு" என்பார். தன் வண்டிக்குத் தானே எண்ணெய் மாற்றத் தெரியாதவன் சொந்தக்காரனே இல்லை, வெறும் பயணி என்று அவர் ஒரு ஞாயிறு பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் தங்கள் தங்கை காய்கறி வாங்கப் போனதும் நான் பாயை விரித்து வண்டியின் அடியில் போனேன். பின் அச்சின் எண்ணெயை வடித்தாயிற்று. திருகாணியைப் பூட்டிப் புது எண்ணெயும் ஊற்றியாயிற்று. எழுந்திருக்க முற்பட்டபோது இடது கால் யோசிக்க ஆரம்பித்தது. யோசித்தது, யோசித்தது, ஒன்றரை மணி நேரம் யோசித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் பாதங்களிடம் குடிநீர் வராததைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுப் போனார். வெட்கத்தில் நானும் "ஆமா, ஆமா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கள் தங்கை திரும்பி வந்து குனிந்து பார்த்தாள்.

"எந்திரிக்க முடியலையா, எந்திரிக்க மனசு இல்லையா?"

"முடியல."

"அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவருக்குத் தண்ணிப் பிரச்சினை."

அவள் பையை வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானும் அடியில் வந்து படுத்தாள். என்னைத் தூக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தலைமை நர்ஸாக இருபத்தெட்டு வருடம் வார்டைச் சுற்றிவந்தவள் அல்லவா, நோயாளியைப் படுக்கையோடு சேர்த்துத்தான் பார்ப்பாள். மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது சொட்டுதுங்க" என்றாள். நான் பூட்டிய திருகாணியில் வாஷர் போடவில்லை. அதைச் சரிசெய்த பிறகே என்னை இழுத்து வெளியே போட்டாள். தங்களுக்குத் தகவல் சொன்னவர் பார்த்த நான்கு பாதங்கள் அவைதாம்.

அன்றிலிருந்து வண்டி அவள் வார்டுக்குப் போய்விட்டது. கொட்டகைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. டயர் காற்று, எண்ணெய், பேட்டரி எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். பழைய பிரேக் எண்ணெயை ஊசிபோடும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஒரு குமிழிகூட இல்லாமல் ஏற்றினாள். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "அம்மா, ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க" என்றார். எட்டு மாதத்தில் என்னை அவர் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை, நானாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவள் போனாள். எஞ்சின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக் கேட்டு, பல் டாக்டரின் வண்டியில் ஒரு வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தளர்ந்துதான் இருந்தது. அன்று அவர் நாற்பத்தாறு விளக்கில் ஒன்றைக்கூடப் போடாமல் வீட்டுக்குப் போனார்.

எனக்கும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தது, மைத்துனரே. அதை ஒப்புக்கொள்கிறேன். பின் சீட்டுக்குச் சாய்மானமும் கைவைக்க இரண்டு மெத்தைக் கைகளும் நானே பொருத்தினேன். அது நன்றாக அமைந்தது. அந்தத் தைரியத்தில் பின்பெட்டிக்கு விளக்கு போடுகிறேன் என்று ஒயரைத் தொட்டேன். அதன்பிறகு இடது பக்கம் திரும்பச் சைகை போட்டால் விளக்கு எரியாமல் ஹாரன் விட்டுவிட்டு அடித்தது. சரிசெய்ய நேரமில்லை, ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அன்றுதான் மருத்துவப் பரிசோதனை. மருத்துவமனைக்கு இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். 'சத்தம் செய்யாதீர்கள்' என்ற பலகையைத் தாண்டி நாங்கள் அலறிக்கொண்டே உள்ளே போனோம். எல்லா ஜன்னல்களிலும் தலைகள். அவற்றில் ஒன்று எனக்குச் சான்றிதழ் தர வேண்டிய டாக்டரின் தலை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அதன்மேல் பழிபோட்டிருப்பேன். பொறுமையாகக் கால், கை, கண் எல்லாம் பார்த்தார். நேராகப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்து, தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். வலது பக்கம் சொன்னேன். இடது பக்கம் அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தேன்.

"ஐயா, கால் பெரிய விஷயமில்ல" என்றார். "இடது பக்கப் பார்வை பாதி போயிருக்கு. பக்கவாதம் வந்த அன்னைக்கே போயிருக்கும். நீங்க கவனிக்கல. இனிமே ஓட்டாதீங்க."

எங்கள் வாசலின் இடது பக்கத் தூணில் நான் வண்டியை இரண்டு முறை உரசியிருக்கிறேன். இரண்டு முறையும் கொத்தனார் தூணை வெளியே தள்ளிக் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். இடது பக்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு இவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னியுங்கள்.

வண்டியைப் பட்டறைக்காரர் வந்து ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். அதன்பிறகு பத்து நாள் தினமும் மத்தியானம் கொட்டகையில் போய், வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவேன். சாவி போடமாட்டேன். தங்கள் தங்கை பார்த்தும் பார்க்காததுபோல் போவாள். பதினொன்றாம் நாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதுல கிளட்ச் எது?"

"எதுக்கு?"

"துடைக்கும்போது பேர் தெரியாம துடைக்க வேண்டியிருக்கு."

சொன்னேன். அடுத்து, தானே எண்ணெய் மாற்றிய பிரேக்கையே எது என்றாள். அடுத்து, இறங்குங்க என்றாள். மறுநாள் காலை எங்கள் தெருவில் அறுபத்து மூன்று வயதில் வண்டி ஓட்டப் பழகினாள். நிற்கும்போது பயத்தில் காலைக் கீழே வைத்தால் பின்சக்கரம் பாதத்தில் ஏறிவிடும், காலை எடுக்காதே என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். பாதம் தப்பியது, செருப்பு போய்விட்டது. வளைவில் உடம்பைச் சாய்க்கக் கூடாது, கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்றேன். "உங்களுக்கு யாருங்க கத்துக்குடுத்தா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, நானே பழகினேன் என்றேன். "குடுத்துவெச்சவரு" என்றாள். ஒரு மாதத்தில் உரிமமும் வாங்கிவிட்டாள். பல் டாக்டர், பட்டறை, பக்கத்து வீடு எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். ஆனால் அவள் தெருமுனையில் திரும்பி மறையும்போதெல்லாம் நான் வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தேன். அது பயம் என்று அவளிடம் சொன்னேன். பயம் மட்டும் அல்ல.

"பின்னாடி உக்காருங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று நாலைந்து முறை கூப்பிட்டாள். கால் வலி என்று சொல்லிவிட்டேன். கடைசியாகக் கூப்பிட்டபோது, "எனக்கு அந்த வண்டியே வேணாம், வித்துடலாம்" என்று கத்திவிட்டேன். அவள் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். பிறகு, "சரி, வித்துடலாம்" என்றாள்.

ஆகவே தங்கள் விருப்பப்படியே எல்லாம் முடிந்தது. வாங்க விரும்பும் ரொட்டிக்கடைக்காரர் நாளை காலை வருகிறார். இனித் தங்கள் தங்கை எந்த வாகனத்தின் அடியிலும் படுக்கமாட்டாள், எதன்மேலும் ஏறமாட்டாள் என்று உறுதி கூறுகிறேன். தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு வணக்கம். மூட்டுவலிக்கு அவர் கேட்ட தைலத்தைத் தனியே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர். பஸ்ஸில் வந்திருந்தாலும் கையில் புது ஹெல்மெட். வண்டியைச் சுற்றிவந்து, சுவரில் இருந்த அட்டையை முழுக்கப் படித்துவிட்டு, "இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க, ஏன் விக்கறீங்க?" என்றார். "இவரால ஓட்ட முடியாது" என்றாள் இவள். "அப்ப ஓட்டறது யாரு?" "நான்தான்." அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப ஏன் விக்கறீங்க?" என்று மறுபடியும் கேட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகளில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளை எழுதியிருக்கிறேன், இவ்வளவு சின்னக் கேள்விக்கு யாரும் இப்படி விழித்ததில்லை. ஓட்டிப் பார்க்க அவர் கையில் கொடுத்திருந்த சாவியை நான்தான் திருப்பிக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

எனவே மேலே எழுதியதில் விற்பனை, உறுதிமொழி ஆகியவற்றைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். சனிக்கிழமை மதியம் இதே வண்டியில் வந்து தங்கள் வீட்டில் இருப்போம். தைலத்தையும் கையோடு கொண்டுவருகிறோம். இன்று ஒத்திகையாக ஆற்றுப்பாலம் வரை போய்வந்தோம். முதன்முறையாக நான் பின்னால் உட்கார்ந்தேன். முப்பது வருடம் நான் முன்னாலிருந்து மலையையும் பாலத்தையும் காட்டிக் கத்திக்கொண்டே ஓட்டுவேன், அவள் பின்னாலிருந்து ரசித்து ரசித்து 'ம்' கொட்டுவாள். இன்று அவள் கத்தினாள். வெயிலும் காற்றுமாக எனக்குக் கண் செருகியது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"தூக்கம் வந்தா தூங்குங்க. அப்பப்ப ம், ம்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க. முன்னாடி இருக்கறவங்களுக்கு அது போதும்."