புத்தி மூன்று

திரையில் வந்திருந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தான் கோவிந்தன். பாதி புரிந்தது. அந்தப் பாதியிலேயே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"நோராக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

பிரேசர் டவுனில் பேக்கரிக்கு மேல் மாடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிற நோரா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேஷத்தைக் கலைச்சுட்டு, சொந்த இங்கிலீஷ்ல பேசிப் பழகணுமாம்."

"போச்சு."

கோவிந்தன் லிஃப்ட் மெக்கானிக். நீலசந்திராவில் வீடு. வேலை முடிந்ததும் இங்கே வந்து சீமைக்காரர்களோடு கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடுவான். எந்த ஜாதிப் பிராணியாக வேஷம் கட்டுகிறாயோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். கோவிந்தன் மலைப்பூதம். பலம் இருபது, புத்தி மூன்று என்று ஆட்டமே போட்டுக் கொடுத்திருந்தது.

'மீ ஹங்க்ரி. யூ ரன். மீ ஹிட்.'

அவன் இப்படி அடித்தால் கூட்டமே சிரிக்கும். மடையனாக இவ்வளவு அருமையாக யாரும் நடித்ததில்லை என்பார்கள். நடிப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான். படித்தவன் இதையெல்லாம் நடிப்பு என்றுதான் நம்புவான்.

"தெரிஞ்சா துரத்திடுவாங்கக்கா. ரிப்பேருக்குப் போற ஃப்ளாட்ல எல்லாம், என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே ஆபீசுக்கு போன் போட்டு, 'இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா அனுப்பு'ங்கறாங்க. என் பேச்சை நல்லாருக்குன்னு சொல்ற இடம் இது ஒண்ணுதான்."

"சும்மனே அழாதே. ஞாயித்துக்கிழமை உனக்கு நான் டைப் அடிக்கிறேன்."

"வெளியில சொல்லிடாதீங்க. முக்கியமா அவருக்கு."

மூன்றாம் நம்பர் கேபினைக் காட்டினான். அதில் சேஷகிரி என்று ஒருவர் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு தினமும் உட்காருவார். கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர் இருக்கும். அதை அவர் பிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கேபினுக்குள்ள நடக்கிறது கேபினோட. அதான் கடை தர்மம்," என்றாள் நோரா.

ஞாயிற்றுக்கிழமை நோரா கான்வென்ட் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினாள். நடுநடுவே மூன்றாம் நம்பரிலிருந்து, "நோராம்மா, இல்லி ஸ்வல்ப பன்னி," என்று, கொஞ்சம் இங்கே வரச் சொல்லிக் கன்னடத்தில் குரல் வரும். அவர் மவுஸ் சரியில்லை என்று எழுந்து போய்விட்டு வருவாள்.

அன்றைக்குக் கூட்டத்துத் தலைவரே வாயைத் திறந்தார். தலைவர் வெண்தாடி முனிவர் வேஷம், புத்தி இருபது. நாளைக்கு ஒரு வார்த்தை பேசுவார். 'பொறு' என்பார், இல்லாவிட்டால் 'ம்' என்பார். எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். பேசாதவனைத் தலைவனாக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். அப்பேர்ப்பட்டவர் பத்து வரி எழுதி கோவிந்தனை மெச்சினார். இவ்வளவு படித்தவன் இவ்வளவு மடையனாக நடிப்பது பெரிய தவம் என்றார். இனி வாராவாரம் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

"வாராவாரமா? எனக்குக் கடை இருக்குப்பா," என்றாள் நோரா.

வேறு வழியில்லாமல் கோவிந்தன் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான். வந்தது வினை. ஒரு நாள் சண்டைக்கு நடுவில் மலைப்பூதம் வாயைத் திறந்து, 'எக்ஸ்க்யூஸ் மீ, மே ஐ ஹேவ் சம் மீட், ப்ளீஸ்?' என்று கேட்டது.

கூட்டம் கொதித்தது. பூதத்துக்கு ஏது ப்ளீஸ்? இன்னொரு தடவை சட்டத்தை மீறினால் ஆளை நீக்கிவிடுவோம் என்றார்கள்.

"அக்கா, பழைய மாதிரி பேச வரமாட்டேங்குது. வாயைத் திறந்தா கிராமர் முன்னாடி நிக்குது. பூதத்துக்கும் நீங்களே அடிங்க."

நோரா அடித்தாள். அவளுக்குத் தப்பாக எழுதத் தெரியவில்லை. தப்பான வார்த்தையைப் போட்டுவிட்டு ஒழுங்காகக் கமா வைத்தாள், முற்றுப்புள்ளி வைத்தாள். பத்து நிமிஷத்தில் கூட்டம் கண்டுபிடித்துவிட்டது. இது நம் பூதம் இல்லை, எவனோ திருடன் உள்ளே புகுந்து ஆடுகிறான், முனிவர்தான் தீர விசாரித்துத் தீர்ப்பு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கோவிந்தனுக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாள் வேலையிலிருந்து கிரீஸ் கையோடு நேராக வந்து நின்றான்.

"கடைசியா ஒரு உதவிக்கா. முனிவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க. அவர் பெரிய படிப்பாளி. உண்மையைச் சொல்லிக் கால்ல விழுந்துடறேன். இங்கிலீஷ் வராததாலதான் பூதமானேன்னு சொல்லிடுங்க."

மூன்றாம் நம்பரிலிருந்து, "நோராம்மா, இல்லி பன்னி," என்று குரல் வந்தது. நோரா அந்தப் பக்கம் பார்த்தாள். இவன் பக்கம் பார்த்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மனு எதுக்குப்பா? இங்கிலீஷ் வராததாலதான் அவரும் முனிவரானாரு. தீர்ப்பு எழுதிக் கொடும்மான்னு காலையிலேருந்து சேஷகிரி சார் என் உயிரை எடுத்துக்கிட்டிருக்கார்."