ஹில்டா மிஸ் அனுப்பிய சாம்பிள்

லேப்காரர் ஷாகுல் காலி பாட்டிலை ஹெச்.எம். ஹில்டா மிஸ்ஸின் மேசைமேல் வைத்தார்.

"நாளைக்குக் காலைல யாரும் குழாயத் திறக்கறதுக்கு முன்னாடி மொதத் தண்ணியப் பிடிச்சு வைங்க மேடம். காரீயம் இருக்கான்னு பாக்கணும்."

சேலையூரில் அந்த நர்சரிப் பள்ளியின் குழாய் ஹில்டாவைவிட மூத்தது. டெஸ்டில் தேறாவிட்டால் பள்ளிக்கு அங்கீகாரம் போகும், கூடவே ஹெச்.எம். வேலையும் போகும். பிள்ளைகளைப் பற்றியும் அவருக்குக் கவலைதான். அது வரிசையில் மூன்றாவதாக நின்றது.

ஆயா கிளியம்மாளைக் கூப்பிட்டார்.

"நம்ம குழாய் வேணாம். வெளியேர்ந்து சுத்தமான தண்ணியா பிடிச்சுட்டு வா. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நீங்க கம்முனு இருங்க மேடம், நான் பாத்துக்கிறேன்."

ரிப்போர்ட் வந்தது. காரீயம் அளவுக்கு மீறி இருந்தது.

"ஈயம் நல்லதுதானேப்பா?" என்றார் தாளாளர் பத்ரிநாராயணன். "எங்காத்துல ஈயச் சொம்புலதான் ரசம்."

"அது வெள்ளீயம் சார். இது குழந்தைங்க மூளையக் கெடுக்குற காரீயம்," என்றார் ஷாகுல்.

யு.கே.ஜி. பிள்ளைகள் ஏன் மக்காக இருக்கிறார்கள் என்பதற்குத் தாளாளருக்கு ஒரு வழியாகக் காரணம் கிடைத்தது.

அது நம் தண்ணீரே இல்லை என்று சொன்னால் ஹில்டாவின் குட்டு உடையும். பழியைக் குழாய் தலையிலேயே போட்டார்.

பிளம்பர் வந்து குழாயைப் பிடுங்கினார். பாதிச் சுவரும் கூடவே வந்தது. தாகத்துக்குக் கேன் தண்ணீர் இறக்கினார்கள். கேன் அடுக்கை ஒரு அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, சாயங்காலத்துக்குள் பள்ளித் தண்ணீரில் விஷம் என்று தாம்பரம் வரை பரவிவிட்டது. மறுநாள் காலையில் பெற்றோர்கள் டி.சி. கேட்டு கேட்டை உலுக்கினார்கள். வேலை போயே போச்சு என்று ஹில்டா அழுதேவிட்டார்.

பத்ரிநாராயணன் மைக்கைப் பிடித்தார்.

"யாரும் பயப்பட வேண்டாம். இனிமே எங்காத்துத் தண்ணிதான் உங்க குழந்தைகளுக்கு. என் பேரன் குடிக்கற அதே தண்ணி. வேன்ல டிரம் வந்தாச்சு."

கூட்டம் கை தட்டியது. பிள்ளைகள் வரிசையில் நின்று மடக் மடக்கென்று குடித்தார்கள். டி.சி. கேட்டவர்கள் ஸாரி சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

ஹில்டாவுக்கு உயிர் வந்தது. டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த கிளியம்மாள் பக்கத்தில் போய் நின்றார்.

"அடிப்பாவி, என்னை ஒரேயடியா கவுத்தியே. அன்னிக்கு எந்தச் சாக்கடையிலடி பிடிச்ச?"

கிளியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், சுத்தமானது வேணும்னீங்களேன்னு, பாத்திரம் தேய்க்கப் போன எடத்துல சார் வூட்டுக் குழாய்லதான் புடிச்சாந்தேன்."