வாய்தா பாய் கல்யாணம்

மெட்ராஸில் வாக்குக் கொடுக்கப் பயந்த மனுஷன் ஒருத்தர்தான். வாய்தா பாய். மற்ற எல்லாரும் வாக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் கார் சீட் தைக்கிற கடை அவருடையது. அடுத்தது நான் வேலை பார்த்த டிங்கர் ஷெட். எழுபதுகளின் ஆரம்பம்.

எதற்கும் கெடு வைப்பார். பீடியை விட்டால், "வெள்ளிக்கிழமை வரைக்கும் வுட்டுட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு நாள் கூடச் சொல்ல மாட்டார். டீக்கடை நாயரோடு ஒரு தடவை சண்டை. "உன்கூட பக்ரீத் வரைக்கும் பேச்சு இல்ல" என்றார். பக்ரீத் அன்று காலையில் போய் உட்கார்ந்து, "ஒரு டீ போடு நைனா" என்றார். நாயர் முறைத்தார்.

"என் கோவம் கெடு முடிஞ்சிச்சு. உன்னுது எப்போ?" என்று கேட்டார் பாய்.

கல்யாணத்துக்கும் கெடு வைத்தவர். அதுதான் விவகாரம்.

ஜீனத் அக்காவை முதலில் கட்டினவன் சாகிற வரைக்கும் காப்பாத்துவேன் என்றானாம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. தலாக் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்புறம் பாய் பெண் கேட்டார்.

"சாவு வரைக்கும் கதையெல்லாம் கேட்டாச்சு. உன்னால எவ்ளோ நாள் முடியும்? அத்த சொல்லு" என்றது அக்கா.

பாய் யோசித்தார். "ஒரு வருஷம்."

ரெண்டு பேரும் ஷியா. அவர்கள் வழியில் இப்படிக் காலம் சொல்லிக் கட்டுவது உண்டு. முத்ஆ என்று பேர். பெண்ணுக்குத் தரவேண்டிய மஹராக ஒரு தையல் மிஷினைக் கொடுத்துக் கட்டினார். வருஷம் முடிந்ததும் மறுபடி கேட்டார். அக்கா மறுபடி சரி என்றது. வருஷா வருஷம் இதே கதை. கோர்ட் கேஸ் மாதிரி தள்ளிப்போகிறதே என்று எங்கள் ஷெட்டில் வைத்த பேர்தான் வாய்தா பாய். அவர் கோபப்படவில்லை.

"வாய்தாங்கறது எங்க உருது வாதாதான். வாதான்னா வாக்குடா. நல்ல பேர்தான்" என்றார்.

கெடு முடிகிற வாரம் அவரைப் பார்க்கணும். எலெக்‌ஷனுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருப்பார். தினம் சவரம். குரல் உயராது. குழாயடியில் பொம்பளைகளுக்கு நடுவில் குடத்தோடு நிற்பார்.

"இன்னா பாய், டெபாசிட் தேறுமா?" என்பார் எங்கள் மேஸ்திரி.

"மொத்தமே ஒரு ஓட்டுதான்பா. அதான் பயமா கீது."

பாய் குடியிருந்த வீட்டுக்கார ஹாஜியார் சன்னி. நல்ல மனுஷர். விஷயம் அவர் காதுக்குப் போனது. வந்துவிட்டார்.

"இது கல்யாணமே இல்ல. ஒரு காலத்துல அனுமதி இருந்துச்சு. அப்புறம் நபியே தடுத்துட்டாங்க."

"உங்க கிதாபுல அப்டி. எங்க கிதாபுல தடுக்கல."

"நாலு நாள் வெச்சிருந்து அனுப்புறவனுக்கு இது நல்ல சாக்கு, பாய்."

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "என்னை அனுப்பினவன் கெடுவே சொல்லல, ஹாஜியார்."

ஹாஜியார் கொஞ்சம் தரையைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆயுசுக்கும் என்று சொல்லி நிக்காஹ் செய்யணும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யணும். அதற்குள் தெரு முழுக்கப் பேச்சு. வேறு எவனும் வீடு தர மாட்டான்.

அக்காவும் விடவில்லை. "அந்த வார்த்தைய மட்டும் நீ சொன்னே, நான் கெளம்பிடுவேன்."

சொன்னால் பெண்டாட்டி இல்லை. சொல்லாவிட்டால் வீடு இல்லை. அந்த வாரம் பாய் ஒரு சீட்டைத் தலைகீழாகத் தைத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹாஜியார் ரெண்டு பேரோடு வந்தார். நாங்கள் எல்லாம் வாசலில். அக்கா கதவோரம்.

"இன்னா சொல்றே?" என்றார் ஹாஜியார்.

பாய் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "நூறு வருஷம்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"உனக்கு இப்போ வயசு இன்னா?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரும் உயிரோட தாண்ட முடியாத கெடுன்னா, அது ஆயுசுக்கும் கட்டின மாதிரிதான்னு எங்க பெரியவங்கள்லயே ஒருத்தர் சொல்லியிருக்கார். என் கணக்குல இது நிக்காஹ். நாங்களே சாட்சி."

"என் கணக்குல கெடுதான்" என்றார் பாய்.

"உன் கணக்க நீ வெச்சுக்கோ. வீட்ல இரு."

அக்கா மட்டும் நகரவில்லை. "நூறா? நீ பொய் சொல்ல மாட்டியே."

"பொய் இல்ல. கம்மியாதான் சொல்லிக்கீறேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தது. "சரி" என்றது.

பாய் கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. போன மாசம் லஸ் முனையில் அக்காவைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. முதுகு வளைந்துவிட்டது.

"தனியாவாக்கா கீறே?" என்றேன்.

"யாரு சொன்னா? கெடு இன்னும் முடியலியே தம்பி" என்றது.

பையை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே நடந்தேன்.